பந்து ஏன் வலப்பக்கம் வளைகிறது? கோல்ஃப் ஆட்டத்தின் 'ஸ்லைஸ்' பிழையும் அதைத் திருத்தும் வழிகளும்

காட்டாக்கடை: தமிழும் மலையாளமும் அருகருகே ஒலிக்கும் காட்டாக்கடை, நெய்யாற்றின்கரை, பாறசாலை பகுதிகளில் விளையாட்டு என்றால் முதலில் நினைவுக்கு வருவது கால்பந்தும் கிரிக்கெட்டும்தான். கோல்ஃப் என்பது தொலைக்காட்சியில் மட்டும் பார்க்கும் ஆட்டம் என்ற எண்ணமே இங்கு பரவலாக உள்ளது. ஆனால், காட்டாக்கடையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், திருவனந்தபுரம் கவடியாரில், திருவிதாங்கூர் மன்னராட்சிக் காலத்தைச் சேர்ந்த ஒன்பது குழிகள் கொண்ட கோல்ஃப் மைதானம் இன்றும் இயங்கி வருகிறது.

இந்த ஆட்டத்தைப் புதிதாகக் கற்பவர் எந்த ஊரைச் சேர்ந்தவராக இருந்தாலும், முதலில் சந்திக்கும் இடர் ஒன்றே. நேராகச் செல்லும் என்று நம்பி அடித்த பந்து, பாதி வழியில் வலப்பக்கம் வளைந்து, மரங்களுக்குள்ளோ வேலிக்கு அப்பாலோ போய் விழுகிறது. இதற்கு 'ஸ்லைஸ்' என்று பெயர். இந்தப் பிழை ஏன் ஏற்படுகிறது, அதன் பின்னுள்ள இயற்பியல் என்ன, எந்த வரிசையில் அதைத் திருத்துவது என்பதை இச்செய்தித் தொகுப்பில் காணலாம்.

ஸ்லைஸ் என்றால் என்ன?

வலக்கை ஆட்டக்காரர் அடிக்கும் பந்து, காற்றில் இடமிருந்து வலமாகப் பெரிதாக வளைந்து செல்வதே ஸ்லைஸ். இடக்கை ஆட்டக்காரருக்கு இது தலைகீழாக, வலமிருந்து இடமாக நிகழும். இந்தியாவின் முன்னணி வீராங்கனைகளில் ஒருவரான தீக்‌ஷா டாகர் இடக்கை ஆட்டக்காரர். அவரைப் போன்றோர் இக்கட்டுரையில் வரும் வலம், இடம் ஆகியவற்றை மாற்றிப் படிக்க வேண்டும்.

இதற்கு எதிர்த்திசையில் வளையும் பந்தை 'ஹூக்' என்பர். அதேபோல், ஆட்டக்காரர் தாமே விரும்பி, சிறிய அளவில் மட்டும் வலப்பக்கம் வளையச் செய்யும் பந்துக்கு 'ஃபேட்' என்று பெயர். ஃபேட் ஒரு திறன். ஸ்லைஸ் ஒரு பிழை. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே என்றாலும், கட்டுப்பாடு இருப்பதும் இல்லாததுமே வேறுபாடு.

ஒரு பிழையின் விலை

ஸ்லைஸ் வெறும் அழகுக் குறைபாடு அன்று. பந்து மைதான எல்லைக்கு வெளியே சென்றால், விதிப்படி ஓர் அடி தண்டனையாகச் சேர்க்கப்படும். அதோடு, முதலில் அடித்த இடத்துக்கே திரும்பி வந்து மீண்டும் அடிக்க வேண்டும். அதாவது, தொடக்க இடத்திலிருந்து அடிக்கும் இரண்டாவது பந்து, கணக்கில் மூன்றாவது அடியாகிறது. தொலைந்த பந்துக்கும் இதே தண்டனைதான். பந்தைத் தேடுவதற்கு அளிக்கப்படும் நேரம் 2019 முதல் மூன்று நிமிடங்கள் மட்டுமே.

ஓர் அடியின் மதிப்பு என்ன என்பதை இந்திய ரசிகர்கள் நன்கு அறிவர். டோக்கியோ ஒலிம்பிக் போட்டியின் மகளிர் கோல்ஃப் பிரிவில், உலகத் தரவரிசையில் 200-ஆவது இடத்திலிருந்த பெங்களூரு வீராங்கனை அதிதி அசோக், நான்கு சுற்றுகளிலும் சேர்த்து 269 அடிகளில் ஆட்டத்தை முடித்து நான்காம் இடம் பெற்றார். வெள்ளி, வெண்கலப் பதக்கங்களுக்கான போட்டியிலிருந்து அவரைப் பிரித்தது ஒரே ஓர் அடி. தொலைவாக அடிப்பதில் உலகின் முன்னணி வீராங்கனைகளைவிடப் பின்தங்கியிருந்தபோதும், துல்லியத்தாலும் குழிக்கு அருகிலான ஆட்டத்தாலும் அவர் அந்த இடத்தை எட்டினார். தொலைவைவிடத் திசையே முக்கியம் என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு தேவையில்லை.

பாதுகாப்பும் இதில் அடங்கியுள்ளது. நகரங்களுக்கு நடுவே அமைந்த மைதானங்களை ஒட்டிச் சாலைகளும் வீடுகளும் உள்ளன. சுமார் 46 கிராம் எடையுள்ள கடினமான பந்து, திசை மாறிச் சென்றால் வழிப்போக்கரையோ, பக்கத்துப் பாதையில் ஆடுபவரையோ, அங்கு பணிபுரியும் கேடியையோ காயப்படுத்தக் கூடும். பந்து திசை மாறுவதைக் கண்ட உடனே "ஃபோர்" என்று உரக்கக் குரல் எழுப்புவது ஆட்டக்காரரின் கடமை.

வளைவின் அறிவியல்

சுழலும் பந்து காற்றில் வளைகிறது என்பது நெடுநாளாக அறியப்பட்ட செய்தி. சாய்வாக அடிக்கப்பட்ட டென்னிஸ் பந்து வளைந்து செல்வதை 1672-இலேயே ஐசக் நியூட்டன் குறிப்பிட்டுள்ளார். 1852-இல் ஜெர்மனி அறிவியலாளர் ஹைன்ரிச் மாக்னஸ், சுழலும் பொருளின் மீது காற்று செலுத்தும் பக்கவாட்டு விசையைச் சோதனைகள் மூலம் ஆராய்ந்தார். அதனால் அவ்விளைவு அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. பின்னோக்கிய சுழற்சி கோல்ஃப் பந்தைக் காற்றில் நீண்ட நேரம் தாங்கிச் செல்கிறது என்பதை, எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பி. ஜி. டெய்ட் 1890-களில் விளக்கினார்.

சந்தோஷ் டிராபி கால்பந்து வீரர்கள் பலரை அளித்த பொழியூர் கடற்கரைக்குச் சென்றால், இதை எந்தச் சிறுவனும் செய்து காட்டுவான். பந்தின் நடுவில் உதைக்காமல் ஓரத்தில் சீவி உதைத்தால், அது சுழன்றபடி தடுப்புச் சுவரைச் சுற்றி வளைந்து செல்லும். கோல்ஃபில் ஸ்லைஸ் ஏற்படுவதும் இதே முறையில்தான். மட்டை பந்தை நேராக மோதாமல் சீவிச் செல்வதால், பந்தின் சுழல் அச்சு வலப்பக்கம் சாய்கிறது. பந்தும் அப்பக்கமே திரும்புகிறது.

இங்கு இரண்டு செய்திகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, மோதும் கணத்தில் மட்டையின் முகம் எந்தத் திசையை நோக்கி இருக்கிறது என்பது. மற்றொன்று, மட்டை எந்தப் பாதையில் நகர்கிறது என்பது. பந்து எந்தத் திசையில் புறப்படும் என்பதைப் பெரும்பாலும் மட்டையின் முகமே தீர்மானிக்கிறது; இதில் அதன் பங்கு சுமார் 75 முதல் 85 விழுக்காடு வரை. பந்து எந்தப் பக்கம் வளையும் என்பதை, முகத்துக்கும் பாதைக்கும் இடையிலான கோண வேறுபாடு தீர்மானிக்கிறது. பாதையைவிட முகம் வலப்பக்கம் திறந்திருந்தால் பந்து வலப்பக்கம் வளையும். ஸ்லைஸின் முழு இலக்கணமும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது.

பாதையே பந்தின் தொடக்கத் திசையைத் தீர்மானிக்கிறது என்று முற்காலப் பயிற்சி நூல்கள் பல கூறி வந்தன. ரேடார் கருவிகள் பயன்பாட்டுக்கு வந்த பின்னரே, முகத்தின் பங்கு எவ்வளவு பெரியது என்பது பயிற்சியாளர்களிடையே பரவலாக உணரப்பட்டது.

மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம், ஒரு நொடியில் சுமார் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே. அந்த இடைவெளியில் கையைத் திருப்பிப் பிழையைச் சரிசெய்ய மனிதரால் இயலாது. எனவே, பிழையைத் திருத்த வேண்டிய இடம் மோதும் கணம் அன்று. அதற்கு முன்பே அமைந்துவிடும் பிடி, நிலை, வீச்சின் தொடக்கம் ஆகியவையே.

சிறிய கோணப் பிழையும் தொலைவில் பெரிதாகிறது. 180 மீட்டர் தொலைவில், ஒரு பாகை விலகல் சுமார் 3 மீட்டர் விலகலாகிறது. ஐந்து பாகை என்றால் ஏறத்தாழ 16 மீட்டர். வளைவால் ஏற்படும் விலகல் இதனுடன் மேலும் சேரும்.

டிரைவரில் மட்டும் ஏன் அதிகம்?

'சிறிய மட்டையில் நேராகச் செல்கிறது, டிரைவரை எடுத்தால் வளைகிறது' என்பது பலரின் புலம்பல். இதற்குக் காரணம் மட்டையின் சாய்வுக் கோணம். குறுகிய தொலைவுக்கான வெட்ஜ் மட்டையின் முகம் நன்கு சாய்ந்திருப்பதால், பந்துக்குப் பின்னோக்கிய சுழற்சி மிகுதியாகக் கிடைக்கிறது. சுழல் அச்சு எளிதில் பக்கவாட்டில் சாய்வதில்லை. டிரைவரின் சாய்வு பொதுவாக 9 முதல் 12 பாகை வரையே. பின்னோக்கிய சுழற்சி குறைவதால், அதே அளவு முகப் பிழைக்கும் அச்சு அதிகமாகச் சாய்கிறது. மேலும், டிரைவரே மிக நீளமான மட்டை என்பதால், அதைக் கட்டுப்படுத்துவதும் கடினம்.

பந்து சொல்லும் செய்தி

திருத்தத்துக்கு முன், எந்த வகை ஸ்லைஸ் என்பதை அறிய வேண்டும். பந்து எங்கே விழுந்தது என்பதைவிட, எங்கே புறப்பட்டது என்பதைக் கவனிப்பதே பயன் தரும்.

இடப்பக்கம் புறப்பட்டு வலப்பக்கம் வளைந்தால், முகம் இலக்குக்கு இடப்பக்கம் இருந்துள்ளது. மட்டையின் பாதையோ அதைவிடவும் இடப்பக்கம் சென்றுள்ளது. இங்கு முதன்மைப் பிழை பாதையில் உள்ளது.

நேராகப் புறப்பட்டு வலப்பக்கம் வளைந்தால், முகம் ஏறத்தாழச் சரி. பாதை வெளியிலிருந்து உள்ளாக, இடப்பக்கம் இழுத்துள்ளது.

வலப்பக்கமே புறப்பட்டு, மேலும் வலப்பக்கம் வளைந்தால், முகம் திறந்திருப்பதே முதன்மைப் பிழை. இவர்கள் பாதையை மாற்ற முயல்வதற்கு முன் பிடியைச் சரிசெய்ய வேண்டும்.

இத்துடன், பந்து மட்டையில் எங்கே படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மட்டையின் முகத்தில் சிறிது முகப்பவுடரைத் தூவி அடித்தால், பட்ட இடம் தெளிவாகத் தெரியும். டிரைவரில் தண்டுக்கு அருகிலுள்ள பகுதியில் பட்டால், அதுவே பந்துக்குக் கூடுதல் வலச் சுழற்சியைத் தரும். அவ்வாறெனில் வீச்சில் பெரிய பிழை இல்லாதபோதும் பந்து வளையக் கூடும். பந்திலிருந்து சற்று விலகி நிற்பதே சில வேளைகளில் போதுமான தீர்வாகிவிடும்.

இடப்பக்கம் குறிவைப்பது ஏன் தவறு?

பந்து வலப்பக்கம் செல்வதைக் கண்டவுடன், பெரும்பாலோர் இயல்பாகவே இடப்பக்கம் திரும்பி நிற்கத் தொடங்குகின்றனர். இது நோயை வளர்க்கும் மருந்து. தோள்கள் இடப்பக்கம் திரும்பினால், மட்டையின் பாதையும் இடப்பக்கம் செல்லும். ஆனால், ஆட்டக்காரரின் மனம் இலக்கை நோக்கியே முகத்தைத் திருப்பி வைக்கும். முகத்துக்கும் பாதைக்கும் இடையிலான வேறுபாடு அதிகரித்து, வளைவு முன்னிலும் பெரிதாகும். அதைக் கண்டு அவர் இன்னும் இடப்பக்கம் திரும்புவார். பலர் ஆண்டுக்கணக்கில் இந்தச் சுழலில் சிக்கியிருப்பதற்குக் காரணம் இதுவே.

முதல் படி: பிடி

திருத்தம் கைகளிலிருந்து தொடங்க வேண்டும். மட்டையைப் பிடித்துக் கீழே பார்க்கும்போது, இடக்கையின் விரல் முட்டிகளில் இரண்டு அல்லது மூன்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒன்று மட்டுமே தெரிந்தால், பிடி பலவீனமானது என்று பொருள். அத்தகைய பிடியில் முகம் எளிதில் திறந்துவிடும். இரு கைகளிலும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே உருவாகும் கோடு, வலத் தோளை நோக்கி அமைய வேண்டும். மட்டை உள்ளங்கையில் அன்றி, விரல்களின் அடியில் படிந்திருக்க வேண்டும்.

பிடியின் இறுக்கமும் முக்கியம். அச்சத்தால் மட்டையை நெரித்துப் பிடித்தால், முன்கைகள் விறைத்து, மோதும் நேரத்தில் முகம் திரும்பி மூடுவது தடைபடும்.

புகழ்பெற்ற வீரர்களின் பிடியைக் கண்மூடிப் பின்பற்றுவதிலும் ஆபத்து உண்டு. அமெரிக்க வீரர் பென் ஹோகன், தொடக்கத்தில் ஹூக் பிழையால் துன்புற்றவர். அதைத் தடுக்கவே அவர் தமது இடக்கைப் பிடியைப் பலவீனமாக்கிக்கொண்டு, பந்தைச் சற்று வலப்பக்கம் வளையச் செய்யும் முறைக்கு மாறினார். 1949-இல் உயிருக்கே ஆபத்தான வாகன விபத்தில் சிக்கி மீண்ட அவர், அடுத்த ஆண்டே அமெரிக்க ஓப்பன் பட்டத்தை வென்றார். அவர் 1957-இல் வெளியிட்ட பயிற்சி நூல் இன்றும் படிக்கப்படுகிறது. ஆனால், ஹூக் நோய்க்கான அவரது மருந்தை ஸ்லைஸ் நோயாளி உட்கொண்டால், நோய் முற்றவே செய்யும்.

இரண்டாம் படி: நிற்கும் நிலை

தரையில் இரண்டு குச்சிகளை இணையாக வைத்துப் பயிற்சி செய்வது எளிய முறை. ஒன்று பந்துக்கு வெளிப்புறம் இலக்கை நோக்கியும், மற்றொன்று கால்விரல்களுக்கு முன்பும் இருக்கட்டும். பாதங்கள், இடுப்பு, தோள்கள் மூன்றும் அக்கோட்டுக்கு இணையாக அமைய வேண்டும். பாதங்கள் சரியாக இருந்தும் தோள்கள் மட்டும் இடப்பக்கம் திறந்திருப்பது அடிக்கடி காணப்படும் பிழை.

டிரைவரில் பந்தின் இடம், இடக்குதிகாலின் உட்புறத்துக்கு நேராக இருக்க வேண்டும். அதைவிட முன்னால் தள்ளி வைத்தால், அதை எட்டுவதற்காகத் தோள்கள் தாமாகவே இடப்பக்கம் திறந்துவிடும்.

மூன்றாம் படி: வீச்சின் பாதை

ஸ்லைஸ் அடிப்பவர்களில் பெரும்பாலோர், மட்டையை மேலே உயர்த்திய பின், வலத் தோளை முன்னால் தள்ளியே கீழ்நோக்கிய வீச்சைத் தொடங்குகின்றனர். பலமாக அடிக்க வேண்டும் என்ற ஆவலே இதற்குக் காரணம். அவ்வாறு செய்தால் மட்டை வெளியிலிருந்து உள்ளாக வந்து பந்தைச் சீவிவிடும்.

தென்திருவிதாங்கூர் மண்ணுக்குரிய சிலம்பம், அடிமுறை ஆகியவற்றைப் பயின்றவர்களுக்கு இதன் தீர்வு எளிதில் விளங்கும். அங்கு விசை பாதத்தில் பிறந்து, இடுப்பின் வழியாகக் கைக்கு வருகிறது. கோல்ஃபிலும் அதே வரிசைதான். உடலின் எடை முதலில் இடக்காலுக்கு மாற வேண்டும். பிறகு இடுப்பு திரும்ப வேண்டும். தோள்களும் கைகளும் அவற்றைப் பின்தொடர வேண்டும். கை முந்தினால் பாதை கெடும்.

வீச்சின் உச்சியில் இடக்கை மணிக்கட்டு பின்னோக்கி மடிந்திருந்தால் முகம் திறந்திருக்கும். புறங்கையும் முன்கையும் ஏறத்தாழ ஒரே தளத்தில் இருப்பது நல்லது. மோதும் கணத்தில் இடப்புறங்கை இலக்கைப் பார்த்திருக்க வேண்டும் என்று நினைவில் கொள்வது பலருக்கு உதவுகிறது.

வீட்டு முற்றத்திலேயே பயிற்சி

மைதானம் தொலைவில் இருப்பவர்களுக்கும் வழி உண்டு. பிடி, நிலை, எடை மாற்றம் ஆகியவற்றைப் பந்து இல்லாமலேயே, ஒரு கண்ணாடியின் முன் மெதுவாகப் பழகலாம். தொடர்ந்து கீழ்க்கண்ட பயிற்சிகளை மேற்கொள்ளலாம்.

1. தடைப் பயிற்சி: பந்துக்குச் சற்றுப் பின்னால், இலக்குக் கோட்டுக்கு வெளிப்புறம் ஒரு காலி அட்டைப்பெட்டியை வைக்க வேண்டும். மட்டை வெளியிலிருந்து வந்தால் பெட்டியைத் தட்டும். அதைத் தொடாமல் வீசப் பழகினால் பாதை தானே திருந்தும்.

2. வலக்காலைப் பின்னிழுத்தல்: வலப்பாதத்தை அரை அடி பின்னால் வைத்து, பாதி வேகத்தில் அடிக்க வேண்டும். மட்டை உட்புறமிருந்து வரும் உணர்வு இதில் கிடைக்கும்.

3. இடுப்பு உயர வீச்சு: மட்டையைத் தரையில் வைக்காமல், இடுப்பு உயரத்தில் கிடையாக வீச வேண்டும். கிரிக்கெட்டில் புல் ஷாட் ஆடியவர்களுக்கு இது பழகிய அசைவு. முன்கைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரும்புவதையும், முகம் மூடுவதையும் இதில் உணரலாம்.

4. பாதங்களைச் சேர்த்து அடித்தல்: இரு பாதங்களையும் ஒட்டி வைத்து மெதுவாக வீசினால், தோளைத் தள்ளுபவர் சமநிலை இழப்பார். பிழையை உடனே காட்டிக் கொடுக்கும் பயிற்சி இது.

எல்லாவற்றையும் முதலில் ஏழாம் எண் மட்டையில், பாதி வீச்சில் தொடங்கி, பந்து நேராகப் புறப்படத் தொடங்கிய பிறகே டிரைவருக்குச் செல்ல வேண்டும். ஒரே நாளில் பிடி, நிலை, பாதை மூன்றையும் மாற்ற முயன்றால், எது பயன் தந்தது என்பது தெரியாமல் போகும். தொடங்கும் முன் முதுகு, தோள், மணிக்கட்டுகளைத் தளர்த்திக்கொள்வது அவசியம். முதுகிலோ முழங்கையிலோ வலி தொடர்ந்தால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரை அணுக வேண்டும்.

புதிய மட்டை வாங்கினால் தீருமா?

ஸ்லைஸைக் குறைக்கும் வகையில் வடிவமைக்கப்பட்ட டிரைவர்கள் சந்தையில் உள்ளன. கூடுதல் சாய்வுக் கோணம் உள்ள டிரைவரும் ஓரளவு உதவும். பின்னோக்கிய சுழற்சி கூடுவதால் வளைவு குறைகிறது. ஆனால், இவை பிழையின் அளவைக் குறைக்குமே தவிர, பிழையை நீக்காது. பிடியைச் சரிசெய்யச் செலவில்லை. எனவே, பணத்தை மட்டையில் செலவிடும் முன், ஒரு தேர்ந்த பயிற்சியாளரிடம் சில அமர்வுகள் கற்பதே சிக்கனமானது. அதற்கும் வாய்ப்பில்லாதவர்கள், தமது வீச்சைக் கைபேசியில் பின்புறமிருந்து இலக்குக் கோட்டின் திசையில் பதிவு செய்து பார்த்தால், மட்டை வெளியிலிருந்து வருகிறதா என்பதைத் தாமே கண்டறியலாம்.

பார்த்துக் கற்றவர்களும் இந்த ஆட்டத்தில் உயர்ந்துள்ளனர். பெங்களூருவில் கேடியாகத் தொடங்கிய சி. முனியப்பா, 2009-இல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்றார். வசதி படைத்தோரின் ஆட்டம் என்ற பெயர் கோல்ஃபுக்கு இருந்தாலும், பந்துக்கு அடிப்பவரின் பின்னணி தெரியாது. மோதும் கணத்தில் முகமும் பாதையும் எவ்வாறு இருந்தன என்பதை மட்டுமே அது அறியும்.

திருத்தத்தின் தொடக்க நாள்களில் பந்து இடப்பக்கம் செல்லத் தொடங்கினால் அஞ்ச வேண்டியதில்லை. முகம் மூடக் கற்றுக்கொண்டுவிட்டது, பாதை இன்னும் மாறவில்லை என்பதே அதன் பொருள். அந்த நிலையில் பழைய பிடிக்குத் திரும்பாமல் பாதையைத் திருத்துவதில் கவனம் செலுத்தினால், வளைவு படிப்படியாகக் குறைந்து, பந்து இலக்கை நோக்கி நேராகச் செல்லத் தொடங்கும்.